மத்தளைக்கும் கட்டுநாயக்கவுக்கும் இடையில் எங்கள் வீடு இல்லை

விமானப் போக்குவரத்துக்கும் பொதுப் போக்குவரத்துக்கும் பொறுப்பான அமைச்சர் அவர்களுக்கும், விமான நிலையங்களையும் பஸ் சேவைகளையும் திட்டமிடும் அதிகாரிகளுக்கும்,

ஊவா மாகாணத்தின் பண்டாரவளை, ஹப்புத்தளை, பசறை, லுணுகலைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களைச் சேர்ந்த நாங்கள், நாட்டின் தெற்கே உள்ள மத்தளை விமான நிலையத்துக்குத் திருப்பப்படும் விமானங்களிலிருந்து எங்களை அங்கேயே இறங்க விடுமாறும், அங்கிருந்து மலைக்கு பஸ் விடுமாறும் கேட்டுக் கையொப்பமிட்டு அனுப்பிய மனுவுக்குக் கிடைத்த பதில் ஒரே பந்தியில் முடிந்துவிட்டது. மத்தளை விமான நிலையத்துக்கும் கொழும்புக்கு அருகிலுள்ள கட்டுநாயக்க விமான நிலையத்துக்கும் இடையில் அதிவேக நெடுஞ்சாலைத் தொடர்பு இருப்பதாகவும், ஒன்றிலிருந்து மற்றையதற்கு மூன்றரை மணித்தியாலத்தில் போய்விடலாம் என்றும், ஆகவே வானிலை காரணமாக மத்தளையில் தரையிறங்க நேரிடும் பயணிகளைக் கட்டுநாயக்கவுக்குக் கொண்டு செல்வதில் சிரமம் எதுவும் இல்லை என்றும், மத்தளையிலிருந்து ஊவா மலைப்பகுதிக்குத் தனி பஸ் சேவை நடத்தும் அளவுக்குப் பயணிகள் இல்லை என்றும் அந்தப் பந்தி கூறுகிறது. பதில் அனுப்பிய அலுவலகத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அந்தக் கணக்கு ஓர் அலுவலகத்தின் கணக்கு மட்டுமன்று. கொழும்பிலிருந்து நாட்டைப் பார்ப்பவர்கள் எல்லோரும் போடும் கணக்கு அதுதான் என்பதாலேயே இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன்.

அதில் உள்ள தூரம் பிழையானது என்று நான் சொல்லவில்லை. கட்டுநாயக்கவிலிருந்து கெரவலப்பிட்டிய வரை ஓர் அதிவேகப் பாதை, அங்கிருந்து கொட்டாவ வரை 29 கிலோமீற்றர் வெளிச்சுற்று வட்டப் பாதை, கொட்டாவையிலிருந்து 222 கிலோமீற்றர் தெற்கு அதிவேகப் பாதை என்று கூட்டினால் ஏறத்தாழ 270 கிலோமீற்றர் வரும். மாத்தறைக்கு அப்பாலான பகுதி 2020 பெப்ரவரி 23ஆம் திகதி திறக்கப்பட்ட பிறகு இந்தத் தூரத்தை ஒரு சமிக்ஞை விளக்கில்கூட நிற்காமல் கடந்துவிடலாம் என்பதும் உண்மை. வானில் அளந்தால் இரண்டு ஓடுபாதைகளுக்கும் இடையில் இருப்பது சுமார் 170 கிலோமீற்றர்தான். மேலே ஏறி ஒரு சுற்றுச் சுற்றி இறங்குவதற்குள் அரை மணி நேரம் போய்விடும். ஒரு விமான நிலையத்திலிருந்து மற்ற விமான நிலையத்துக்குப் போவதே ஒருவரின் பயணமாக இருந்தால், அந்தப் பதிலில் நானும் கையொப்பமிட்டிருப்பேன். ஆனால் எந்தப் பயணியும் விமான நிலையத்தில் குடியிருப்பதில்லை.

தயவுசெய்து இன்னொரு முறை வரைபடத்தை விரித்துப் பாருங்கள். மத்தளையிலிருந்து வடக்கே தனமல்வில வழியாக வெல்லவாயவுக்கு வந்தால் மலையடிவாரம் வந்துவிடும். அங்கிருந்து ஒரு பாதை இராவணா எல்ல நீர்வீழ்ச்சியைத் தொட்டுக்கொண்டு எல்ல நகருக்கு ஏறுகிறது. இன்னொரு பாதை கொஸ்லந்தை வழியாகப் பெரகலைக்கு ஏறி ஹப்புத்தளைக்குப் போகிறது. எந்தப் பாதையில் ஏறினாலும் மத்தளையிலிருந்து பண்டாரவளை ஏறத்தாழ நூறு கிலோமீற்றர் தொலைவில்தான் இருக்கிறது. நிதானமாக ஓட்டும் சாரதி ஒருவர் இரண்டரை, மிஞ்சினால் மூன்று மணித்தியாலத்தில் கொண்டுவந்து விடுவார். கட்டுநாயக்கவிலிருந்து அதே பண்டாரவளைக்கு இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக வந்தாலும் கண்டி, நுவரெலியா வழியாக வந்தாலும் 220 கிலோமீற்றருக்குக் குறையாது. அந்தத் தூரத்தில் பெரும்பகுதி அதிவேகப் பாதையும் அன்று. அவிசாவளையைத் தாண்டிய பிறகு லொறிக்குப் பின்னால் லொறியாக ஊர்ந்து, பெலிஹுல்ஓயாவிலிருந்து வளைவு வளைவாக ஏற வேண்டிய பாதை அது. பஸ்ஸில் வருகிறவருக்கு ஏழு, எட்டு மணித்தியாலம் என்பது சாதாரணம்.

ஆகவே உங்கள் பதிலின்படி நடந்தால், மத்தளையில் காலை வைத்த பண்டாரவளைக்காரர் ஒருவர் முதலில் 270 கிலோமீற்றர் மேற்கே போக வேண்டும். பிறகு 220 கிலோமீற்றர் கிழக்கே திரும்பி வர வேண்டும். நூறு கிலோமீற்றரில் இருக்கும் வீட்டுக்கு 490 கிலோமீற்றர் பயணம். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்று நம் பெரியவர்கள் சொல்வது இதைத்தான்.

இது கற்பனைக் கணக்கு என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. நான் சில ஆண்டுகள் வளைகுடா நாடொன்றில் களஞ்சியப் பொறுப்பாளராக வேலை செய்தவன். ஒரு ஜனவரி மாதம் விடுமுறையில் வந்தபோது, விடியற்காலையில் கட்டுநாயக்கவில் கடும் பனிமூட்டம் என்று அறிவித்து எங்கள் விமானத்தை மத்தளைக்குத் திருப்பினார்கள். பனிமூட்டத்தைப் பற்றி மலையகத்தவனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஓடுபாதை தெரியாவிட்டால் இறக்கக் கூடாது என்பதில் எனக்கு எந்த முறைப்பாடும் இல்லை. விமானி பத்திரமாக இறக்கினார். பொழுது விடிந்தது. யன்னலுக்கு வெளியே வெறிச்சோடிய ஓடுபாதையும், அதற்கப்பால் பற்றைக்காடும், அதற்கும் அப்பால் வடக்கே நீல நிறத்தில் எங்கள் மலைத்தொடரும் தெரிந்தன. அந்த விமானத்தில் பசறை, மடுல்சீமை, ஹாலிஎலப் பக்கத்துப் பெண்கள் பலர் இருந்தார்கள். வீட்டுப் பணிக்குப் போய் ஒப்பந்தம் முடிந்து வருகிறவர்கள். அவர்களுள் ஒருவர் கையால் சுட்டிக் காட்டி, ‘அந்தா நமுனுகுல’ என்றார். அது நமுனுகுலவோ வேறு மலையோ எனக்குத் தெரியாது. ஆனால் விமானத்தின் அந்தப் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து எட்டிப் பார்த்தார்கள்.

என் அருகிலிருந்தவர் லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவர். தகப்பனார் இறந்த செய்தி கிடைத்து, எசமானிடம் மன்றாடி விடுமுறை பெற்று வந்தவர். தோட்டத்துச் சாவு வீட்டில் பிரேதத்தை எவ்வளவு நேரம் வைத்திருக்க முடியும் என்பது உங்களுக்குத் தெரியாதிருக்கலாம். வரிசை வீடான லயத்து அறையொன்றின் அளவும், பிரேதத்தைப் பதப்படுத்த ஆகும் செலவும், வேலைக்குப் போகாத ஒவ்வொரு நாளும் பேர் விழாமல், அதாவது அன்றைய சம்பளம் கிடைக்காமல், போகும் உறவினர்களின் நிலைமையும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. அன்று பின்னேரம் அடக்கம் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அவர் பணிப்பெண்ணிடம் எழுந்து போய், கையில் இருக்கும் பையோடு மட்டும் தன்னை இங்கேயே இறக்கிவிட முடியுமா என்று தமிழில் கேட்டார். நான் அதை ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னேன். அனுமதியில்லை என்றார்கள். காரணம் கேட்டேன், இது இறங்கும் இடம் அன்று, எரிபொருள் நிரப்பக் காத்திருக்கும் இடம் என்றார்கள். பல மணித்தியாலம் அதே ஆசனங்களில் இருந்துவிட்டு, எங்கள் மலையைப் பின்னால் விட்டுவிட்டுக் கட்டுநாயக்கவுக்குப் பறந்தோம். அங்கே குடிவரவு வரிசை, பொதி வரிசை எல்லாம் முடிந்து அவர் வெளியே வந்தபோது அடக்கம் முடிந்துவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னார்கள்.

அந்த விமான நிறுவனத்தின் பணியாளர்களைக் குறை கூற நான் வரவில்லை. அவர்களுக்கு விதி இருந்தது. அந்த விதியை எழுதும்போது ஊவா மாகாணத்தில் வாழ்கிறவர் எவரையும் மனத்தில் வைத்து எழுதவில்லை என்பதுதான் என் குறை.

எதிர்வாதங்களையும் நான் அறிவேன். சரக்கறையில் ஏற்றிய பொதிகளின் சொந்தக்காரர் விமானத்தில் இல்லாமல் அந்தப் பொதிகள் மட்டும் பறக்கக் கூடாது என்பது பாதுகாப்பு விதி. அது தேவையான விதி. ஒருவரை இறக்கினால் அவருடைய பெட்டியைத் தேடி இறக்க வேண்டும். நூற்றுக்கணக்கான பெட்டிகளுக்குள் அதைத் தேடினால் மற்றப் பயணிகள் அனைவரும் காத்திருக்க வேண்டும். விமானிகளுக்கு வேலை நேர வரம்பு உண்டு. அது தாண்டினால் அந்த விமானம் அன்று பறக்கவே முடியாது. குடிவரவு அதிகாரிகளும் சுங்க அதிகாரிகளும் அந்த நேரத்தில் மத்தளையில் கடமையில் இருக்க வேண்டும். இவை எல்லாம் உண்மையான சிரமங்கள். ஆனால் சிரமம் என்பது ஏற்பாடு செய்வதற்கான காரணம். ஏற்பாடே செய்யாமல் விடுவதற்கான காரணம் அன்று. கட்டுநாயக்கவில் பனி சூழ்வது திடீரென வரும் அதிசயமன்று. ஆண்டின் தொடக்க மாதங்களில் அதிகாலையில் நேரும் என்று எல்லோருக்கும் தெரிந்த விடயம். அந்த மாதங்களில் அந்த நேரங்களில் சில அதிகாரிகளைக் கடமையில் வைப்பதும், கைப்பொதி மட்டும் கொண்டு வருகிறவர்களையாவது இறங்க விடுவதும், விமானம் எரிபொருளுக்காகவோ வானிலைக்காகவோ எப்படியும் மணிக்கணக்கில் நிற்கத்தான் போகிறது என்று தெரிந்தவுடனேயே இறங்க விரும்புகிறவர்களின் பெட்டிகளைத் தேட ஆரம்பிப்பதும் முடியாத காரியங்களா? வருகிற வழியிலேயே, திருப்பிவிடப்பட்டது என்ற அறிவிப்போடு சேர்த்து, ‘மத்தளையில் இறங்க விரும்புகிறவர்கள் பெயரைக் கொடுங்கள்’ என்று ஒரு வரி சொன்னால் போதும்.

மத்தளையில் கடவுச்சீட்டில் முத்திரை குத்த முடியாது என்று எவரும் சொல்ல முடியாது. கொவிட் காலத்தில் வெளிநாடுகளில் சிக்கியிருந்த இலங்கையரை ஏற்றி வந்த விமானங்கள் சில அங்கே இறங்கின. 2020 டிசம்பர் இறுதியில், நாடு இன்னும் மூடிக்கிடந்தபோது, உக்ரேன் நாட்டுச் சுற்றுலாப் பயணிகளை முதன்முதலாக வரவேற்றதும் அங்கேதான். அவர்களை ஏற்றிச் செல்லப் பஸ்கள் வரிசையில் நின்றதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். 2017 ஜனவரி 6 முதல் ஏப்ரல் 5 வரை கட்டுநாயக்க ஓடுபாதையைத் திருத்துவதற்காக நாள்தோறும் காலை 8.30 முதல் மாலை 4.30 வரை மூடியபோது, அவசரத்துக்கு உதவும் மாற்று நிலையமாக மத்தளையையே ஆயத்தப்படுத்தினார்கள். தேவை என்று நினைத்தபோதெல்லாம் அந்த நிலையம் இயங்கியிருக்கிறது. எங்களுடைய தேவை தேவையாகத் தெரியவில்லை என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

கட்டுநாயக்கவில் இறங்கியபின் எங்கள் பயணம் எப்படித் தொடர்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஏனென்றால் உங்கள் மூன்றரை மணித்தியாலம் அங்கே முடிந்துவிடுகிறது, எங்களுடையது அங்கேதான் ஆரம்பிக்கிறது. வளைகுடாவிலிருந்து வரும் விமானங்களில் பல நள்ளிரவுக்கும் விடியற்காலைக்கும் இடையில் இறங்குகின்றன. 187 இலக்க பஸ்ஸில் கொழும்புக்கு வந்து, புறக்கோட்டையில் பதுளைக்கான 99 இலக்க பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு உழைத்துக் கட்டிய பெரிய பெட்டியோடு வரும் ஒரு பெண்ணை ஏற்ற நடத்துநர் தயங்குவார். பெட்டிக்கு ஒரு ஆசனத்துக் காசு கேட்பார். கேட்பதில் ஓரளவு நியாயமும் இருக்கிறது, பஸ்ஸில் இடம் இல்லை. விமான நிலைய வாசலிலேயே ‘அக்கா, எந்த ஊர்?’ என்று கேட்டபடி பின்தொடரும் தரகர்களிடமிருந்து தப்பி வருவது இன்னொரு பாடு. இதற்குப் பயந்துதான் பெரும்பாலான குடும்பங்கள் தோட்டத்திலிருந்தே வேன் பிடித்து வருகின்றன. முதல் நாள் மாலை புறப்பட்டு, இரவெல்லாம் ஓடி, கார் தரிப்பிடத்தில் பிள்ளைகளோடு படுத்திருந்து, மறுநாள் முழுவதும் திரும்பி ஓடும் பயணம் அது. அந்த வேனுக்குக் கொடுக்கும் வாடகையை ஒரு கொழுந்து பறிக்கும் பெண்ணின் நாட்சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2024இல் நீண்ட இழுபறிக்குப் பிறகு அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக உயர்ந்தபோது அதைப் பெரிய வெற்றியென்று கொண்டாடினோம். வெளிநாட்டில் இருப்பவர் அனுப்பும் காசு வீடு வந்து சேருமுன், அவரை வீட்டுக்குக் கொண்டுவரவே அதில் ஒரு பங்கு போய்விடுகிறது. சாரதி தூங்கி வழிந்து நேர்ந்த விபத்துகளைப் பற்றி எங்கள் பக்கத்தில் எந்தக் கடையில் விசாரித்தாலும் சொல்வார்கள்.

2024ஆம் ஆண்டில் வெளிநாடுகளில் உழைப்போர் இந்த நாட்டுக்கு அனுப்பிய தொகை 650 கோடி டொலரைத் தாண்டியது. மேடைகளில் அவர்களைப் பொருளாதாரத்தின் முதுகெலும்பு என்று புகழாத அரசாங்கம் இல்லை. அந்தப் பணத்தை அனுப்பியவர்களுள் ஊவாவின் தோட்டங்களிலிருந்து போன பெண்களும் இருக்கிறார்கள்.

மத்தளை விமான நிலையம் 2013 மார்ச் 18ஆம் திகதி திறக்கப்பட்டது. செலவு 20 கோடியே 90 இலட்சம் டொலர். அதில் 19 கோடி சீனாவின் ஏற்றுமதி இறக்குமதி வங்கி தந்த கடன். மூன்றரைக் கிலோமீற்றர் நீள ஓடுபாதை, ஆண்டுக்குப் பத்து இலட்சம் பயணிகளைக் கையாளும் கட்டடம். தேசிய விமான சேவை 2015 ஜனவரியில் அங்கிருந்து விலகியது. துபாயிலிருந்து வந்துகொண்டிருந்த விமானமும் 2018 ஜூனில் நின்றது. அதன் களஞ்சியத்தில் நெல் அடுக்கி வைத்ததையும், ஓடுபாதைக்கு வரும் காட்டு மிருகங்களை விரட்ட ஆட்களை இறக்கியதையும் வைத்து நாடே சிரித்தது. உலகின் வெறுமையான விமான நிலையம் என்று வெளிநாட்டுச் சஞ்சிகைகள் எழுதின. அந்தச் சிரிப்பில் எங்களால் சேர முடியவில்லை. அந்தக் கடனைத் திருப்பிச் செலுத்துவதில் எங்கள் பங்கும் இருக்கிறது. சேவை நடந்த காலத்தில் துபாயிலிருந்து அங்கே வந்திறங்கிய எங்கள் ஊர்க்காரர் சிலர், அழைத்துவர வேன் போயிருந்ததால், மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்தார்கள். அப்போதும் அங்கிருந்து மலைக்கு நேரே ஏறும் பஸ் ஒன்றை எங்களில் எவரும் கண்டதில்லை. அம்பாந்தோட்டைக்கோ சூரியவெவைக்கோ போய், அங்கிருந்து வெல்லவாயவுக்கு மாறி, அங்கிருந்து மறுபடியும் மாறினால்தான் மலை. பெட்டியோடு மூன்று பஸ் மாற முடியாதவர்கள் கட்டுநாயக்கவுக்கே போனார்கள்.

இதன் பிறகு ‘பயணிகள் இல்லை’ என்று எழுதுவது எப்படி நியாயமாகும்? பஸ் இல்லாததால் ஆள் வரவில்லை. ஆள் வராததால் விமானம் நின்றது. விமானம் நின்றதால் பஸ் தேவையில்லை என்கிறீர்கள். எங்கள் பகுதியிலிருந்து எத்தனை பேர் வெளிநாடு போய் வருகிறார்கள் என்பதை யாரும் எங்களிடம் கேட்டு எண்ணியதில்லை. அந்த எண்ணிக்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் பதிவேடுகளில் மாவட்ட வாரியாக இருக்கிறது. குடிவரவுத் திணைக்களத்திடம் கடவுச்சீட்டு விலாசங்களும் இருக்கின்றன. பதுளை, மொனராகலை மாவட்டங்களுக்குரியவற்றை மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டுப் பிறகு சொல்லுங்கள். வேலைக்குப் போகிறவர்கள் மட்டுமல்லர். திருச்சிக்கும் சென்னைக்கும் மருத்துவத்துக்காகவும் உறவு பார்க்கவும் கோயிலுக்கும் போகிறவர்கள் இருக்கிறார்கள். எல்லவுக்கு வரும் சுற்றுலாப் பயணிகளும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவாவது செய்யுங்கள் என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

மலையகம் முழுவதற்கும் மத்தளைதான் மருந்து என்று நான் வாதாடவில்லை. ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை மக்களுக்குக் கட்டுநாயக்கதான் அருகில். அவர்களுக்கு மத்தளையால் எந்தப் பயனும் இல்லை. நுவரெலியாக்காரர் இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டவர். அவர்களுக்கு வேண்டியது கட்டுநாயக்க வாசலிலிருந்தே மலைக்குப் புறப்படும் ஒரு நேரடி பஸ். கொழும்புக்குள் போய்த் திரும்பும் அலைச்சல் அவர்களுக்காவது குறையும். மத்திய மலைநாட்டையும் ஊவாவையும் ஒரே ஊராக நினைத்துத் திட்டம் போடுகிறவர்கள் இரு பக்கத்தாருக்கும் உதவாத திட்டத்தைத்தான் போடுவார்கள்.

வெல்லவாயப் பாதையின் ஆபத்தையும் மறைக்க மாட்டேன். 2025 செப்டம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல - வெல்லவாயப் பாதையில் சுற்றுலா சென்று திரும்பிய பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து 15 பேர் மாண்டனர். தனமல்விலப் பக்கம் இருட்டியபின் யானை குறுக்கிடும் பாதை. ஆகவே எந்த நேரத்திலும் பஸ் ஓட்டுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. பகலில் ஓட்டுங்கள், மலைப்பாதை பழகிய சாரதியைப் போடுங்கள், வளைவுகளின் ஓரத்தில் உறுதியான தடுப்பைக் கட்டுங்கள். அதிகாலையில் இறங்கியவர்கள் விடியும்வரை அந்தப் பெரிய, காலியான கட்டடத்துக்குள்ளேயே இருந்துகொள்ளலாம். கட்டுநாயக்கவின் கார் தரிப்பிடத்தில் இருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

கடைசியாக 2025 நவம்பர் இறுதியை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. டித்வா சூறாவளியின்போது மலையகத்தில் மண்சரிவு எத்தனையோ உயிர்களைக் கொண்டுபோனது. பதுளை மாவட்டம் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் ஒன்று. கொழும்பு - பதுளை ரயில் பாதை பல இடங்களில் பெயர்ந்தது. மலைக்கு ஏறும் வீதிகள் ஒரே நேரத்தில் பல இடங்களில் அறுந்தன. வெளிநாட்டில் இருந்த பிள்ளைகள் பெற்றோரின் குரலைக் கேட்க முடியாமல் நாட்கணக்கில் தவித்தார்கள். எப்படியாவது வந்து சேர வேண்டும் என்று விமானம் ஏறியவர்களும் மேற்கிலிருந்துதான் மலைக்கு ஏறப் பார்க்க வேண்டியிருந்தது. மேற்கு வாசல் அடைபட்டால் தெற்கு வாசல், தெற்கு அடைபட்டால் கிழக்கு என்று ஒரு மலை மாகாணத்துக்கு மாற்று வழி வகுத்து வைப்பது அனர்த்த முகாமைத்துவத்தின் முதல் வேலை. மீரியபெத்தையில் 2014 அக்டோபரில் மண் சரிந்த நாளிலிருந்து இதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறோம். ஓர் அனைத்துலக விமான நிலையம் மலையடிவாரத்திலிருந்து சில பத்துக் கிலோமீற்றரில் இருந்தும் அந்தத் திட்டத்தில் அதற்கு இடமில்லை என்றால், அதை எதற்காகத்தான் கட்டினோம்?

எனவே பின்வருவனவற்றைக் கேட்கிறோம்.

மத்தளைக்குத் திருப்பிவிடப்படும் ஒவ்வொரு விமானத்திலும் அங்கேயே பயணத்தை முடித்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு, குறைந்தது கைப்பொதியோடு வருகிறவர்களுக்கும் மரணம், நோய் போன்ற அவசரத்தில் வருகிறவர்களுக்கும், இறங்கும் உரிமையை எழுத்தில் வழங்குங்கள். இது விமான நிறுவனங்களின் தயவில் விடப்படாமல், நாட்டுக்குள் வரும் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான பணிப்புரையாக இருக்க வேண்டும். பனிமூட்டம் வழக்கமாக வரும் மாதங்களில் குடிவரவு, சுங்க அதிகாரிகள் அதிகாலையில் மத்தளையில் கடமைக்கு அழைக்கப்படக்கூடியவாறு முறைவைத்து நியமிக்கப்பட வேண்டும்.

மத்தளை - வெல்லவாய - எல்ல - பண்டாரவளை - பதுளை வழியில் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பஸ் ஒன்றை, பெட்டிகளுக்கு இடம் வைத்து, நாளுக்கு ஒரு தடவையாவது ஆறு மாதம் பரீட்சார்த்தமாக ஓட்டிப் பாருங்கள். விமானம் இல்லாத நாட்களிலும் அது தனமல்வில, வெல்லவாய மக்களுக்குப் பயன்படும், வெறுமனே ஓடாது. ஆறு மாதத்துக்குப் பிறகு எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அந்த முடிவை ஏற்கிறோம். அதேபோல் கட்டுநாயக்க வருகை வாசலிலிருந்து ஹட்டன், நுவரெலியாவுக்கும் பண்டாரவளை, பதுளைக்கும் நேரடி பஸ்கள், விமானங்கள் அதிகமாக இறங்கும் நேரத்தை ஒட்டிப் புறப்பட வேண்டும்.

வளைகுடா நாடுகளிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் மத்தளைக்குக் கிழமைக்கு ஒரு விமானமாவது வருவதற்கு விமான நிறுவனங்களோடு பேசும்போது, பதுளை, மொனராகலை மாவட்டங்களின் வெளிநாட்டுப் பயணிகள் எண்ணிக்கையை முன்வைத்துப் பேசுங்கள். அந்த எண்ணிக்கையை மக்களுக்கும் வெளியிடுங்கள். எல்ல - வெல்லவாய, பெரகலை - கொஸ்லந்தைப் பாதைகளின் ஆபத்தான வளைவுகளில் தடுப்பு அமைக்கும் வேலையை இந்தத் திட்டத்தோடு இணைத்து, எப்போது முடியும் என்ற திகதியோடு அறிவியுங்கள். அனர்த்த காலத்தில் ஊவாவுக்கு வரும் மக்களையும் நிவாரணத்தையும் மத்தளை வழியாகக் கொண்டு சேர்ப்பதற்கான திட்டமொன்றை பதுளை மாவட்டச் செயலகத்தோடு சேர்ந்து தயாரியுங்கள்.

இந்த மடலுக்கான பதிலைத் தமிழில், மனுவில் உள்ள விலாசத்துக்கும் பதுளை மாவட்டச் செயலகத்துக்கும் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம். நீங்கள் நாளும் இடமும் குறித்தால், மனுவில் கையொப்பமிட்டவர்களுள் வெளிநாடு போய் வந்த பெண்கள் சிலரை அழைத்துக்கொண்டு நேரில் வந்து விளக்கமளிக்கவும் ஆயத்தமாக இருக்கிறோம். அந்தச் சந்திப்பு அடுத்த ஜனவரிக்கு முன்பாக நடக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஊவா மலைத் தோட்டங்களைச் சேர்ந்த மனுதாரர்கள் சார்பில்,
வெளிநாட்டில் உழைத்துத் திரும்பிய ஒருவன்,
பண்டாரவளை